வால்வு ஸ்பிரிங்குக்கு எவ்வளவு பலம் போதும்?

அமெரிக்காவில் வார இறுதியில் வீட்டு கராஜில் இன்ஜினைப் பிரித்துப் போடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே கிரிக்கெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பிரிக்கப்படும் இன்ஜின்களில் பாதிக்கு மேல் ஸ்மால் பிளாக் ஷெவியாகத்தான் இருக்கும் என்று தோன்றும், அவ்வளவு பரவிய இன்ஜின் அது. 1955-இல் 265 கன அங்குல வி8 ஆக வந்தது. 1967-இல் 350 கன அங்குல அளவு வந்தது. 2011-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய பத்துக் கோடியாவது ஸ்மால் பிளாக்கைச் செய்து முடித்தது (பின்னால் வந்த தலைமுறைகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு).

இந்த 350-ஐ வைத்திருக்கும் ஒருவருக்கு இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும் என்று ஆசை வந்தால், முதலில் கை வைப்பது கேம்ஷாஃப்டில்தான். கம்பெனி கேம்ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, வெளிக்கம்பெனி கேம் ஒன்று வாங்கிப் போடுவார். ஃப்ளோரிடாவில் 1953-இல் ஹார்வி கிரேன் தொடங்கிய கம்பெனி, கலிஃபோர்னியாவின் இஸ்கெண்டேரியன் கம்பெனி என்று இதற்கென்றே பேர் வாங்கியவர்கள் உண்டு. கேம் வரும் பெட்டிக்குள் ஒரு கார்டு இருக்கும். வால்வு எத்தனை டிகிரியில் திறக்கும், எத்தனை டிகிரியில் மூடும், எவ்வளவு உயரம் தூக்கும் என்று எல்லாம் போட்டிருக்கும். வாங்கியவர் அதை மனப்பாடம் செய்து நண்பர்களிடம் ஒப்பிப்பார். அதே கார்டில், இல்லையென்றால் கேட்டலாகில், இந்தக் கேமுக்கு இந்த ஸ்பிரிங் என்று இன்னொரு வரி இருக்கும். பெரும்பாலும் கோட்டை விடுவது அந்த வரியில்தான். ஒன்று, பழைய ஸ்பிரிங்கையே விட்டுவிடுவார்கள். அல்லது, "எதற்கும் இருக்கட்டும்" என்று கடையில் இருப்பதிலேயே பலமான ஸ்பிரிங்கை வாங்கி மாட்டுவார்கள். இந்த இரண்டாவது தப்புதான் அதிகம் செலவு வைக்கும்.

ஏன் என்று புரிய, ஸ்பிரிங் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

இது புஷ்ராட் இன்ஜின். கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் சுற்றும். (இந்தியாவின் பழைய அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினும் இதே ஜாதிதான். மாருதி 800 அப்படி இல்லை, அதில் கேம் மேலே ஹெட்டில் இருக்கும்.) கேமின் முட்டை வடிவ மேடு லிஃப்டரைத் தூக்கும். லிஃப்டரைத்தான் இங்குள்ள மெக்கானிக்குகள் டேப்பெட் என்பார்கள். லிஃப்டர் புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராட் ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். கேமுக்குத் திறக்க மட்டும்தான் தெரியும். மூடுவது முழுக்க ஸ்பிரிங்கின் பொறுப்பு.

மூடுவது என்றால் சும்மா திரும்ப இழுத்துவிடுவது மட்டும் இல்லை. கேமின் சரிவில் வால்வு வேகமெடுத்துத் திறக்கிறது. உச்சியை, அதாவது கேமின் மூக்கை, நெருங்கும்போது அது வேகம் குறைந்து, நின்று, திசை மாறி இறங்க வேண்டும். ஆனால் வேகமெடுத்த வால்வும் ராக்கரும் புஷ்ராடும் லிஃப்டரும் நேராகப் போய்க்கொண்டேதான் இருக்கப் பார்க்கும். நியூட்டன் சொன்னதுதான். அவற்றைப் பிடித்து நிறுத்தி, லிஃப்டர் கேமை விட்டுப் பிரியாமல் அழுத்தி வைத்திருப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் இல்லாவிட்டால் லிஃப்டர் மூக்கின் மேல் தாவிப் பறக்கும், பிறகு எங்கேயோ போய் விழும். இதைத்தான் வால்வு ஃப்ளோட் என்கிறார்கள். இதற்கு வேண்டிய பலம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 5500 ஆர்.பி.எம்.மில் போதுமான ஸ்பிரிங் 6500-இல் போதாது, ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக வேண்டும். ஆயிரம் சுற்று அதிகம், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

கேட்டலாகில் ஸ்பிரிங்குக்கு இரண்டு எண் போட்டிருக்கும். ஒன்று வால்வு மூடியிருக்கும்போது உள்ள அழுத்தம், இன்னொன்று முழுக்கத் திறந்திருக்கும்போது உள்ள அழுத்தம். (எல்லாரும் பிரஷர் என்றுதான் சொல்கிறார்கள். பவுண்டில் அளப்பது விசை, அழுத்தம் இல்லை. இயற்பியல் வாத்தியார் யாராவது படித்தால் மன்னிக்கவும் :-)) இரண்டு எண்ணுக்கும் வேலை வேறு. மூடிய அழுத்தம், வால்வு வந்து சீட்டில் உட்காரும்போது பந்து மாதிரித் துள்ளாமல் அமுக்கி வைக்க. திறந்த அழுத்தம், மேலே சொன்ன மூக்கைத் தாண்டும் வேலைக்கு.

ஒரு உதாரணக் கணக்கு. கம்பெனியிலிருந்து வந்த 350-இல் சாதாரண ஸ்பிரிங் 1.70 அங்குல உயரத்தில் சுமார் 80 பவுண்டு, 1.25 அங்குலத்துக்கு நசுக்கினால் சுமார் 200 பவுண்டு. பழைய கேம் வால்வைத் தூக்குவது 0.390, 0.410 அங்குலம்தான். அதற்கு இது போதும். இப்போது வாங்கிய கேம் 0.480 அங்குலம் தூக்குகிறது, 6000 வரை சுற்ற வேண்டும், லிஃப்டர் அதே பழைய வகை, அடிப்பாகம் தட்டையான ஹைட்ராலிக் லிஃப்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தெருவில் ஓட்டும் கார்களில் மிகச் சாதாரணமான சேர்க்கை இது. இதற்கு 1.70 அங்குலத்தில் 105 பவுண்டு, அதன்பின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 370 பவுண்டு ஏறும் ஸ்பிரிங் ஒன்றைப் போட்டால், 0.480-ஐ 370-ஆல் பெருக்கினால் 178. ஆக, திறந்த நிலையில் 283 பவுண்டு. இந்த மாதிரிக் கேமுக்கு இது பொருத்தமான ஸ்பிரிங். ஹைட்ராலிக் தட்டை லிஃப்டருக்கு மூடிய நிலையில் 100-லிருந்து 120 வரை, திறந்த நிலையில் 300-ஐ ஒட்டி என்பது தெரு வண்டிக்குப் பழகிப்போன எல்லை.

"அப்படியானால் 150 பவுண்டு மூடிய அழுத்தம் உள்ள டிராக் ரேஸ் ஸ்பிரிங்கைப் போட்டால் இன்னும் பாதுகாப்பு இல்லையா? வால்வு ஃப்ளோட்டே வராதே!" இந்தக் கேள்வி கேட்காத ஆள் இல்லை.

அந்த 283 பவுண்டு கேமின் மேல் 283 ஆக இறங்குவதில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஸ்மால் பிளாக்கின் ராக்கர் விகிதம் 1.5. கேம் லிஃப்டரை 0.320 அங்குலம் தூக்கினால் வால்வு 0.480 திறக்கும். நெம்புகோல் ஒரு பக்கம் தூரத்தைக் கூட்டிக் கொடுத்தால் மறுபக்கம் விசையைக் கூட்டி வாங்கிவிடும். ஆக கேம் மேல் இறங்குவது 283-ஐப் போல் ஒன்றரை மடங்கு, 424 பவுண்டு. டிராக் ஸ்பிரிங்கில் மூடிய நிலை 150, அங்குலத்துக்கு 450 என்று கொண்டால் திறந்த நிலையில் 366, கேம் மேல் 549. கிலோவில் சொன்னால் கால் டன்னுக்குச் சற்றே குறைவு. இது போகட்டும், பலர் கூடவே 1.6 விகித ராக்கரும் வாங்கி மாட்டுவார்கள். நல்ல ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு ராக்கரை மட்டும் மாற்றினாலும் வால்வு 0.512 திறக்கும், ஸ்பிரிங் 294 ஆகும், கேம் மேல் 471. ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை, ஆனாலும் சுமை 11 சதவீதம் ஏறிவிட்டது.

இந்தச் சுமையைத் தாங்கும் இடம் எவ்வளவு? லிஃப்டரின் விட்டம் 0.842 அங்குலம். ஆனால் தொடுவது அந்த வட்டம் முழுவதும் அல்ல. தட்டை என்று பெயர் இருந்தாலும் லிஃப்டரின் அடி மிக மெல்லிய குவிவாகத்தான் அரைக்கப்பட்டிருக்கும். கேமின் மேடும் ஒரு பக்கமாக ஒன்றிரண்டு ஆயிரத்தில் ஒரு அங்குலம் சாய்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து, தொடும் புள்ளியை நடுவிலிருந்து ஒதுக்கி, லிஃப்டரைத் தன் துளைக்குள் சுற்ற வைக்கும். சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் ஒரே இடம் தேயாமல் பிழைக்கிறது. ஆனால் விலை என்னவென்றால், தொடும் பரப்பு ஒரு சின்னக் கீற்று. அங்கே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். அந்தக் கீற்றில் இரும்பும் இரும்பும் உருளவில்லை, உரசுகின்றன. நடுவில் இருப்பது ஒரு எண்ணெய்ப் படலம் மட்டும்.

சரி, இந்தச் சுமை எப்போது மிக மோசம்? 6500-இல் என்றுதான் யாரும் சொல்வார்கள். இல்லை. ஐட்லிங்கில்!

அதிவேகத்தில் மூக்கின் மேல் வரும்போது வால்வும் மற்றவையும் பறக்கப் பார்க்கின்றன என்று முன்பே பார்த்தாயிற்று. அந்தப் பறக்கும் போக்கு ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கேம் மூக்கில் மிஞ்சுவது கழித்தது போக உள்ளதுதான். 700 ஆர்.பி.எம்.மில் சிக்னலில் நிற்கும்போது கழிக்க ஒன்றும் இல்லை. 424 பவுண்டும் முழுசாக இறங்கும். கேம் கிராங்கில் பாதி வேகம், அதாவது நிமிடத்துக்கு 350 சுற்று. எண்ணெய்ப் படலம் உண்டாகத் தேவையான வேகம் இல்லை. போதாததற்கு, இந்த இன்ஜினில் கேம் மேடுகளுக்கு என்று தனி எண்ணெய்க் குழாய் கிடையாது. கிராங்க் சுழன்று வீசியடிக்கும் எண்ணெயும், மேலிருந்து வடிவதும்தான் அதற்கு ஆதாரம். ஐட்லிங்கில் கிராங்க் வீசுவதும் குறைவு. சுமை அதிகம், வேகம் குறைவு, எண்ணெய் குறைவு, மூன்றும் ஒரே நேரத்தில். ஆக ஸ்பிரிங் உதவி செய்வது எப்போதாவது ஒரு தடவை 6000 தொடும் சில நொடிகளில். அதற்கான வாடகையை அது வசூலிப்பது மீதி நேரம் முழுவதும்.

அதிகமாகப் போட்டால் என்ன ஆகும்? சில சமயம் முதல் இருபது நிமிடத்திலேயே கதை முடியும். ஒரு லிஃப்டர் சுற்றுவதை நிறுத்தும். அதன் அடி குழியும், கேம் மேடு தேயும். கவனித்துக் கேட்டால் டிக் டிக் சத்தம், பிறகு கார்புரேட்டர் வழியாகத் துப்பல், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமை. தேய்ந்த இரும்பு தூளாக எண்ணெயில் கலந்து, பேரிங்குகளுக்கும் எண்ணெய் பம்புக்கும் பயணம் போகும். கேம் விலையோடு போகாது, முழு இன்ஜினையும் பிரித்துக் கழுவ வேண்டும். வேறு சில்லறைச் சேதங்களும் உண்டு. பழைய ஸ்மால் பிளாக் ஹெட்டுகள் பலவற்றில் ராக்கர் ஸ்டட் மரை போட்டு முடுக்கியது இல்லை, அழுத்திச் செருகியது. பலமான ஸ்பிரிங் போட்டால் அது மெல்ல மெல்ல ஹெட்டை விட்டு மேலே வந்துவிடும். வால்வு கிளியரன்ஸ் அடிக்கடி விலகுகிறதே என்று மறுபடி மறுபடி நட்டைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், ஸ்டட்டே கிளம்பி வருகிறது என்று தோன்றாது.

எண்ணெய் விஷயமும் இங்கேதான் சேர்கிறது. தட்டை லிஃப்டரைக் காப்பாற்றுவதில் எண்ணெயில் கலக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்துக்குப் பெரிய பங்கு. படலம் கிழியும் இடத்தில் அது இரும்பின் மேல் ஒரு தியாகப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாஸ்பரஸ், புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் 2004-ஆம் ஆண்டு எஸ்எம் தரத்தில், கார்களில் அதிகம் ஊற்றும் மெல்லிய ரக எண்ணெய்களுக்குப் பாஸ்பரஸ் உச்சவரம்பு 0.08 சதவீதமாக இறங்கியது. புதுக் கார்களுக்கு அதனால் பாதகமில்லை. ஃபோர்டு 1985-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1987-லும் தங்கள் வி8-களில் உருளை வைத்த லிஃப்டருக்கு மாறத் தொடங்கிவிட்டன. மாட்டிக்கொண்டது பழைய இன்ஜினில் புதுக் கேம் போட்டவர்கள்தான். அந்த வருடங்களில் கேம் தேய்ந்து போனவர்கள் எல்லாரும் எண்ணெய்மேல் பழி போட்டார்கள். எண்ணெய்க்குப் பங்கு இருந்தது உண்மை. ஆனால் அதே எண்ணெயில் பொருத்தமான ஸ்பிரிங்கோடு ஓடிய இன்ஜின்களும் இருந்தன. எல்லாப் பழியையும் எண்ணெய்மேல் போட்டால், ஸ்பிரிங் வாங்கியவர் தப்பித்துக்கொள்கிறார்.

கம்மியாகப் போட்டால்? அதுவும் நல்லதில்லைதான். ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் எண்ணெய் நிறைந்த ஒரு சின்னப் பிஸ்டன் உண்டு. எங்கே இடைவெளி கண்டாலும் அதை நிரப்புவதுதான் அதன் பிறவிப் பணி. வால்வு ஃப்ளோட் ஆனதும் கிடைத்த இடைவெளியை நிரப்பிக்கொண்டு உப்பிவிடும், வால்வு முழுசாக மூட முடியாது. கம்ப்ரெஷன் போய், இன்ஜின் திடீரென்று சோர்ந்துவிடும். ஓட்டுபவருக்கு அது உடனே தெரியும், காலை எடுப்பார். சில நொடியில் லிஃப்டர் வடிந்து பழைய நிலைக்கு வரும். அதாவது மிதமான கேமோடு தெருவில் ஓடும் தட்டை லிஃப்டர் இன்ஜினில், பலம் சற்றுக் குறைந்தால் இன்ஜினே கத்திச் சொல்லிவிடும். பலம் அதிகமானால் சொல்லாது, சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும். இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும் என்றால் இங்கே குறைந்த பக்கம் சாய்வதே புத்திசாலித்தனம். அதற்காக 80 பவுண்டு பழைய ஸ்பிரிங்கையே விட்டுவிடலாம் என்று பொருள் இல்லை. தொடர்ந்து ஃப்ளோட்டில் ஓட்டினால் வால்வு சீட்டில் அடி வாங்கும், கீப்பர் கழன்றால் வால்வு சிலிண்டருக்குள் விழும், அப்புறம் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் சேர்த்துச் செலவு.

உருளை லிஃப்டர் என்றால் இந்தத் தீர்ப்பு தலைகீழ். அங்கே உரசல் இல்லை, உருளல். சுமையைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் உருளை லிஃப்டர் கனமானது, பிடித்து நிறுத்தக் கூடுதல் பலம் கேட்கும். கேம் மேடும் செங்குத்தாக இருக்கும். அதனால் ஹைட்ராலிக் உருளைக்கே மூடிய நிலையில் 120-லிருந்து 150 வரை சாதாரணம். ரேஸ் கார்களின் சாலிட் உருளைக்கு மூடிய நிலையிலேயே 200-க்கு மேல், திறந்த நிலையில் 500, 600 என்று போவார்கள். அங்கே கம்மியாகப் போடுவதுதான் ஆபத்து. உருளை கேமை விட்டுப் பிரிந்து மறுபடி மோதினால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் சிதறும். யாரோ ரேஸ்காரர் "பலமா போடு தம்பி, கம்மியா போட்டாத்தான் உடையும்" என்று சொல்வது அவருடைய உருளைக்கு நூற்றுக்கு நூறு சரி. அதைக் கேட்டுவிட்டு வந்து தட்டை லிஃப்டருக்குப் போடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். தட்டை லிஃப்டரிலும் பெரிய பலத்தைத் தாங்க வைத்தவர்கள் இருந்தார்கள், இல்லாமல் இல்லை. நாஸ்கார் கோப்பைப் பந்தய இன்ஜின்கள் 2014 வரை விதிப்படி தட்டை லிஃப்டரோடுதான் 9000-ஐ ஒட்டி ஓடின. 2015-இல்தான் உருளைக்கு அனுமதி வந்தது. ஆனால் அவர்களுடைய உலோகமும் பூச்சும் எண்ணெயும் வேறு, தவிர ஒரு பந்தயம் முடிந்தால் இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள்.

லிஃப்டர் வகைக்கு அடுத்து, கேம் மேட்டின் செங்குத்து. 0.480 தூக்கும் இரண்டு கேம்களுக்கு ஒரே ஸ்பிரிங் போதும் என்று நினைக்க முடியாது. ஒன்று நிதானமாகத் தூக்கும், இன்னொன்று வெடுக்கென்று தூக்கி வெடுக்கென்று இறக்கும். இரண்டாவதுக்குப் பலம் அதிகம் வேண்டும். கேமை அரைத்தவருக்குத்தான் இந்த வளைவு தெரியும், கார்டில் உள்ள எண்களை வைத்து வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கார்டு வரியை மதிக்க வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. டர்போவோ சூப்பர்சார்ஜரோ இருந்தால் மட்டும் அதன்மேல் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 2.02 அங்குல இன்டேக் வால்வின் பரப்பு சுமார் 3.2 சதுர அங்குலம். 10 பவுண்டு பூஸ்ட் வால்வின் முதுகில் 32 பவுண்டாகத் தள்ளும். 105 பவுண்டு ஸ்பிரிங் அங்கே 73 பவுண்டு ஸ்பிரிங் மாதிரிதான் நடந்துகொள்ளும். அதை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலம் ஒன்றே வழி என்றும் இல்லை. எடையைக் குறைத்தாலும் அதே பலன்தான். அதுவும் வால்வுப் பக்கத்து எடையை. வால்வு, ரிட்டெய்னர், கீப்பர் ஆகியவை புஷ்ராடைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிறவை, அங்கே குறைக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு அதிகம். தேன்கூடு வடிவத்தில் மேலே குறுகும் ஸ்பிரிங் இதற்காகவே வந்தது. மேல் முனை சின்னது, அதனால் ரிட்டெய்னரும் சின்னது. இன்னொரு லாபமும் அதில் உண்டு. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தனக்கென்று ஒரு அதிர்வெண் இருக்கும். இன்ஜின் வேகம் அதோடு ஒத்துப்போனால் நடுச் சுருள்கள் தாமாக ஆடத் தொடங்கும், கேட்டலாகில் போட்ட பவுண்டு அந்த நேரத்தில் கிடைக்காது. மின்மோட்டாரால் இன்ஜினைச் சுற்றவைத்து, வால்வின் அசைவை லேசரால் அளக்கும் ஸ்பின்ட்ரான் என்ற இயந்திரத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். அடி முதல் முடி வரை சுருளின் அகலம் மாறும் தேன்கூட்டு ஸ்பிரிங்கில் எல்லாச் சுருளும் சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடாது. பழைய ஸ்பிரிங்குகளில் உள்ளே ஒரு தட்டைக் கம்பிச் சுருளைச் செருகி, உரசலால் இந்த ஆட்டத்தை அடக்குவார்கள்.

(ஸ்பிரிங்கே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. 1954-இல் மெர்சிடிஸ் தன் பந்தயக் காரில் வால்வை மூடவும் ஒரு கேமை வைத்தது. டுகாட்டி பைக்குகளின் பெருமையே அந்த ஏற்பாடுதான். 1986-இல் ரெனோ ஃபார்முலா ஒன் இன்ஜினில் ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்தக் காற்றை வைத்தது. வீட்டு கராஜுக்கு இரண்டும் ஆகாது.)

சரியான ஸ்பிரிங்கை வாங்கியாயிற்று. இப்போது பார்க்க வேண்டியது, அது சரியான உயரத்தில் உட்காருகிறதா என்பது. 105 பவுண்டு என்பது 1.70 அங்குல உயரத்துக்கான எண். பழைய ஹெட்டில் பலமுறை வால்வு சீட் அரைத்திருப்பார்கள். வால்வு உள்ளே இறங்கியிருக்கும், அதன் தண்டு மேலே நீண்டிருக்கும், உயரம் 1.73 ஆகியிருக்கும். 0.030 அங்குலம் என்பது 11 பவுண்டு. மூடிய அழுத்தம் 94 ஆகிவிடும். பதினாறு வால்வில் பதினாறு விதமாக இருக்கலாம். ஸ்பிரிங் இல்லாமல் வால்வு, ரிட்டெய்னர், கீப்பர் மூன்றையும் மாட்டி, மேலே இழுத்துப் பிடித்து, ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கும் ரிட்டெய்னர் அடிக்கும் நடுவே அளக்க வேண்டும். அதற்கென்றே உயர மைக்ரோமீட்டர் கிடைக்கிறது. அதிகமுள்ள இடத்தில் 0.015, 0.030, 0.060 அங்குல ஷிம்களைக் கீழே போட்டுச் சமப்படுத்தலாம். அலுப்பான வேலை. ஒரு சனிக்கிழமை முழுசாகப் போகும்.

இந்த ஷிம்மே ஒரு ஆசையையும் காட்டும். சில காசுக்கு 0.060 ஷிம் போட்டால் 105 பவுண்டு 127 ஆகிவிடுமே, 283 பவுண்டு 305 ஆகிவிடுமே! கணக்கு சரிதான். ஆனால் ஸ்பிரிங் முழுக்க நசுங்கிச் சுருளோடு சுருள் ஒட்டும் உயரம் 1.150 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், முன்பு 1.70-இல் இருந்து 0.480 போக 1.220, மிச்சம் 0.070 இருந்தது. குறைந்தது 0.060 மிச்சம் வேண்டும் என்பது பழக்கம். ஷிம் போட்டபின் 1.640-இல் 0.480 போக 1.160, மிச்சம் வெறும் 0.010. ஆயிரத்தில் பத்து அங்குலம். அதுவும் போய்ச் சுருள்கள் முட்டினால் வளைவது புஷ்ராடாக இருக்கலாம், தேய்வது கேமாக இருக்கலாம், ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதேபோல ரிட்டெய்னரின் அடி வால்வு கைடின் மேல் உள்ள ஆயில் சீலில் முட்டாமல் குறைந்தது 0.050 அங்குலம் விலகியிருக்க வேண்டும். 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்டுகள் நல்ல காற்றோட்டத்துக்குப் பேர்போனவை, ஆனால் அரை அங்குல லிஃப்டை எட்டும் முன்பே அவற்றில் இந்த இடம் தீர்ந்துவிடும். கைடைக் கடைசலில் குறைக்காமல் பெரிய கேம் போட்டு சீலை உடைத்தவர்கள் நிறைய.

கடைசியாக முதல் ஸ்டார்ட். தட்டை லிஃப்டர் கேமின் ஆயுளை அந்த முதல் அரை மணி நேரம் முடிவு செய்யும். மேடுகளிலும் லிஃப்டர் அடியிலும் கெட்டியான அசெம்பிளி பேஸ்ட் தடவ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, டிரில்லால் எண்ணெய் பம்பைச் சுற்றி, முன்கூட்டியே எண்ணெய் ஏற்ற வேண்டும். பாஸ்பரஸ் கூடிய பிரேக்-இன் எண்ணெய் ஊற்ற வேண்டும். சாவி போட்டதும் பிடித்துக்கொள்ளும்படி டைமிங்கையும் பெட்ரோலையும் தயார் செய்து வைக்க வேண்டும், ஏனென்றால் வெறும் ஸ்டார்ட்டரில் நெடுநேரம் சுற்றுவது ஐட்லிங்கைவிட மோசம். பிடித்துக்கொண்டதும் ஐட்லிங்குக்கு விடாமல் நேரே 2000. அங்கிருந்து 2500 வரை ஏற்றி இறக்கி இருபது முப்பது நிமிடம். இரட்டை ஸ்பிரிங் உள்ள கேம் என்றால் இந்த நேரத்துக்கு மட்டும் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பிறகு ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றை ஏற்றி, வால்வு கீழே விழாமல் பிடித்து, ஹெட்டைக் கழற்றாமலேயே உள் ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டலாம்.

எல்லாம் முடிந்ததும் எண்ணெயை வடித்துவிட்டு, ஆயில் ஃபில்டரை அறுத்து, காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். தடவிய பேஸ்டின் சாம்பல் கறை இருக்கும், அது ஒன்றும் செய்யாது. காந்தத்தைக் காட்டினால் இழுபடும் மினுமினுப்பு இருந்தால் வால்வு கவரைத் திறந்து, இன்ஜினைக் கையால் சுற்றி, பதினாறு வால்வில் எது குறைவாகத் திறக்கிறது என்று ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்க வேண்டியதுதான். மினுமினுப்பு இல்லையென்றால் புது ஃபில்டரை மாட்டி, காரை வெளியே எடுக்கலாம்.